எண்ணூற்று அறுபத்துநான்கு பக்கமும் ஒரு கப்பல் நாற்காலியும்

ஒரு நாவலை முப்பத்தோராம் பக்கத்துக்கு மேல் படிக்காமலே பத்து மாதம் பாராட்டிப் பேசியிருக்கிறேன். அதுவும் "நல்லாயிருக்கு, படிங்க" என்கிற அளவோடு நிறுத்தவில்லை. "இது படிக்கிற நாவல் இல்லை, குடியிருக்கிற நாவல்" என்றேன். "ஒவ்வொரு வரியிலும் மண் இருக்கிறது" என்றேன். போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுக்கு மேல என்னால பேச முடியல, மன்னிச்சிடுங்க" என்றும் சொன்னேன். பத்து மாதத்தில் நான் பேசிய ஒரே உண்மை அதுதான். அதற்கு மேல் பேச என்னிடம் விஷயம் இல்லை.

படிக்காத புத்தகத்தைப் புகழ்வது நம்மிடையே புதிய குற்றம் இல்லை. ஆனால் மற்றவர்கள் அதை ஒரு மேடைக்காகவோ, ஒரு விருதுக்காகவோ, எழுதியவர் எதிரில் நிற்கிறார் என்பதற்காகவோ செய்கிறார்கள். நான் செய்தது நாற்காலிக்காக. பதவியைச் சொல்லவில்லை. முதுகு சாய்க்க மெத்தையும் கை வைக்கப் பிடியும் உள்ள, மனிதர் உட்காருகிற நாற்காலி.

இராயபுரத்தில் மீன்பிடி வலையும் கயிறும் விற்கிற பாய் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலையில் அவர் கடையில் நிற்க இடம் இருக்காது. மதியத்துக்கு மேல் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுவார். நாலு மணிக்கு நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போவோம். மொத்தம் ஐந்து பேர். பாய், சரித்திர நாவல் வாசகர். ராஜா ராணி இல்லாத புத்தகத்தை விடுமுறை இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்ப்பவர். காத்திவாக்கத்திலிருந்து வருகிற அக்கா, இறால் ஏலம் எடுத்து விற்பவர். குடும்ப நாவல் படித்துவிட்டு அதில் வருகிற மாமியார்களுக்கு எங்கள் முன்னால் தீர்ப்பு வழங்குவார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், கவிதை மட்டுமே படிப்பார். திருவொற்றியூரிலிருந்து வருகிற கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிற தம்பி, கொலை நடக்காத கதையைக் கதை என்று ஒப்புக்கொள்ளாதவன். ஐந்தாவது நான். சரக்குக் கப்பல்களுக்கு ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கிற அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தலைவர் கிடையாது, நன்றியுரை கிடையாது. "இப்ப இன்னா படிக்கிற?" என்ற ஒரே கேள்விதான் நிகழ்ச்சி நிரல். படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தை அடையாளத்தோடு கொண்டுவந்து நடுவிலிருக்கும், கயிறு சுற்றி வந்த மர உருளைமேல் வைக்க வேண்டும். பாயுடைய புத்தகத்தில் நைலான் நூல் தொங்கும். என்னுடையதில் ரத்தான ஏற்றுமதிக் காகிதத்தின் ஒரு கீற்று. அடையாளம் போன வாரத்தைவிட நகர்ந்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அதைவிடக் கறாராக அமலான சட்டம் ஒன்றும் உண்டு, அது அக்கா போட்டது. பரிந்துரை செய்தால் இந்த ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் செய்ய வேண்டும், ஏன் அவருக்கு என்றும் சொல்ல வேண்டும். "எல்லாரும் படிக்கணும்னு சொல்றதெல்லாம் கதைக்காவாது. ஆளப் பாத்து மீன் குடுக்கிற மாதிரி ஆளப் பாத்து புக்கு சொல்லு."

இனி நாற்காலி. உடைக்கப்போகிற கப்பல்களிலிருந்து வரும் சாமான்களை விற்கிறவர் ஒருவரிடம் பாய் வாங்கியது. ஏதோ ஒரு கேப்டன் உட்கார்ந்து ஏதோ ஒரு சமுத்திரத்தை முறைத்துப் பார்த்த சுழல் நாற்காலி. கடையில் வேறு ஆசனம் என்றால் கயிற்றுச் சுருள்களும் பிளாஸ்டிக் மீன் பெட்டிகளும்தான். மீன் பெட்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் அதன் கட்டம் கட்டமான அச்சு நம்மோடு வீட்டுக்கு வரும். ஆகவே நாற்காலி வந்த முதல் வாரமே சண்டையும் வந்தது. அதையும் அக்காதான் தீர்த்தார். "யாரு புக்கு தடியா கீதோ அவங்க குந்தட்டும். பாரம் தூக்கினு வர்றவங்கதான உக்காரணும்?"

கவிதைப் புத்தகம் அறுபத்துநான்கு பக்கம் தாண்டாது. பெரம்பூர்க்காரருக்கு ஆயுளில் நாற்காலி கிடையாது என்பது அப்போதே முடிவாகிவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். அவர் அடுத்த வாரம் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். முப்பத்தைந்து வருடம் ரயில்பெட்டிகளின் அச்சையும் தாங்கியையும் அளந்த கருவி அது. ஒவ்வொரு புத்தகத்தையும் அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து, அமுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். ஒரு நீள நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். "நாற்காலி எனக்கு வேணாம் சார். ஆனா அநியாயமா யாருக்கும் போகக்கூடாது" என்றார். அந்த நோட்டை எங்களில் யாரும் பார்க்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அவர் ஒருவருக்கு இருந்த நியாய உணர்ச்சி ஐந்து பேருக்கும் போதுமானது என்று விட்டுவிட்டோம்.

அந்தச் சமயம் என் முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தன. சாய்மானம் இல்லாமல் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். இலக்கியத்தை விடுவதா, முதுகை விடுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்போதுதான் வீட்டு மேஜையில் கம்ப்யூட்டர் திரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த அந்த நாவல் கண்ணில் பட்டது. எப்போதோ புத்தகக் காட்சியில் ஏதோ ஒரு வீரத்தில் வாங்கியது. எண்ணூற்று அறுபத்துநான்கு பக்கம். உருவி எடுத்தேன். திரை தாழ்ந்து, அன்றுமுதல் கழுத்து வலிக்க ஆரம்பித்தது வேறு விஷயம்.

நாற்பத்தொன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்று பெரம்பூர்க்காரர் அறிவித்தார். பாயின் மகாராஜாக்கள் இருபத்துநாலோடு எழுந்து இடம் விட்டார்கள். நான் உட்கார்ந்தேன். சாய்ந்தேன். இடுப்பில் ஏதோ ஒரு ஆணி கழன்று விழுந்த சுகம்.

படிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக முயன்றேன். நாவலின் முதல் பக்கத்தில் ஒரு பெண் வீட்டைவிட்டு இறங்கிக் கிணற்றை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறாள். பத்தாம் பக்கத்தில் நடக்கிறாள். வழியில் ஒரு வேலி, அந்த வேலியைப் போட்டவரின் தாத்தா, அவருக்கு இருந்த வயிற்று நோய். இருபதாம் பக்கத்தில் நடக்கிறாள். முப்பத்தோராம் பக்கத்தில் கிணறு தெரிகிறது. ஆனால் இன்னும் வரவில்லை. அங்கே நான் நின்றுவிட்டேன். அவள் நடந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் காகிதக் கீற்றை எடுத்து இருபது பக்கம் தள்ளி வைப்பது மட்டுமே என் வாசிப்பு. என்னைப்போல் தவறாமல் படித்த வாசகர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அக்கா ஏலத்துக்குப் போய்விட்டு ஒரு வாரம் பக்கம் நகராமல் வருவார். பாய்க்கு நோன்பு வரும். நான் மட்டும் வாரம் இருபது.

யாருக்குப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லியாக வேண்டுமே. யார் இதைத் தொடவே மாட்டார்களோ அவருக்குச் சொல்வதுதான் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டு, டிரைலர் தம்பியைக் காட்டினேன். "தம்பி, இது உனக்குத்தான். காத்திருக்கத் தெரிஞ்சவனுக்காக எழுதின நாவல்." நூற்று இருபது பக்கத்தில் இரண்டு கொலை வேண்டும் அவனுக்கு. நான் நிம்மதியாகச் சுழன்றேன்.

பத்தாவது மாதம் ஒரு புதிய ஆபத்து தெரிந்தது. கீற்று எண்ணூற்று இருபதை எட்டிவிட்டது. நாவல் முடிந்தால் நாற்காலி போய்விடும். வாரத்துக்கு ஐந்து பக்கமாகக் குறைத்தேன். "முடிய மனசு வரல. சொட்டுச் சொட்டாப் படிக்கிறேன்" என்றேன். பாய் உருகிப்போய் எனக்கு இரண்டாவது டீ சொன்னார்.

அன்றைக்கு டிரைலர் தம்பி எழுந்து வந்தான்.

"நைனா, அந்தப் புக்க எனக்குக் குடு. நாளைக்கு காட்டுப்பள்ளி ஹார்பருக்கு லோடு. கேட் லைன்ல நின்னா ரெண்டு நாளோ மூணு நாளோ. ஒன் அடையாளத்த நான் தொடமாட்டேன், மிச்சத்த வந்து படிச்சிக்க."

"உனக்கு இது... கொஞ்சம் பெருசு தம்பி. கொலை வேற இல்ல." கொலை இல்லை என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

"பரவால்ல. எனக்குன்னு பாத்து எவனும் ஒரு புக்க சொன்னதில்ல நைனா. கொலக்கதைய நானா எடுத்துக்கிறது. நீ தான் இது ஒனக்குன்னு சொன்ன. எட்டு மாசமா யோசிச்சிக்கினு கீறேன்."

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். கடன் கொடுத்தவருக்குப் பழைய அளவே செல்லும் என்று பெரம்பூர்க்காரர் தீர்ப்புச் சொன்னதால், அடுத்த ஞாயிறு அவன் வராதபோதும் நாற்காலி என்னிடமே இருந்தது. நடுவில் அவனிடமிருந்து வாட்ஸப்பில் குரல் வந்தது. "நைனா, எர்நூறு தாண்டிட்டேன்." அப்புறம், "நைனா, ஐநூறு. இன்னா மன்சன்யா இத்த எழுதினவன்!" நான் கைகூப்பும் பொம்மையை அனுப்பினேன். அந்தப் பொம்மைகளைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரை எங்கள் குலதெய்வமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கடுத்த ஞாயிறு அவன் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கலையா தம்பி?" என்றார் பாய்.

"எங்க தூங்குறது பாய்! லைன் நவுந்துச்சு, நான் நவுரல. ஏழ்நூறாவது பக்கத்துல கீறேன். பின்னாடி வண்டிக்காரன் ஆரன் அடிச்சிப் பாத்துட்டு, எறங்கி வந்து கண்ணாடியத் தட்டுறான். 'இன்னா மாமு, பரிச்சைக்குப் படிக்கிறியா'ன்றான்."

ஒரு கயிற்றுச் சுருளை இழுத்து என் நாற்காலிக்கு நேர் எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.

"சொல்லு நைனா."

"என்ன சொல்லணும்?"

"அந்தக் கெணத்தாண்ட நடந்தது. அத்தப் படிக்கசொல்லோ ஒனக்கு இன்னா ஆச்சு? அத்த மட்டும் சொல்லு. இத்தக் கேக்கணும்னுதான் வண்டிய ஓட்டினு வர்றேன்."

கிணறு! எண்ணூற்று அறுபத்துநான்கு பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே இடம். என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. தமிழ் நாவலில் ஒரு பெண் முப்பத்தோரு பக்கம் கிணற்றை நோக்கி நடந்தால் எதற்கு நடப்பாள் என்று இத்தனை வருட வாசகனுக்குத் தெரியாதா? குரலைத் தாழ்த்தினேன்.

"அதைப் படிச்சிட்டு எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல தம்பி. பாவம் அந்தப் பொண்ணு. யாராவது ஒருத்தர் ஓடிப்போய்த் தடுத்திருக்கக் கூடாதா?"

தம்பி என்னையே பார்த்தான்.

"இன்னாத்த தடுக்கிறது?"

"அதான்... அவளோட முடிவை."

"கல்யாணந்தான நைனா பேசி முடிச்சாங்க? வாளி உள்ள வுயுந்துடுச்சின்னு எடுக்கப் போனா. எடுத்துக்குடுத்த ஆளே மாப்ளையாயிட்டான். கெணத்து மேட்டுலயே குந்தி வெத்தல பாக்கு மாத்திக்கினாங்க. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பாக்குறான்."

அக்காதான் முந்திக்கொண்டார். "வுடுப்பா. கல்யாணம்னா சோறு எறங்காத ஆம்பள எத்தினியோ பேரு கீறாங்க."

அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பேன். பாய் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் மர உருளைப் பக்கம் காலிப்பர் ஓசையில்லாமல் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. பெரம்பூர்க்காரர் என் புத்தகத்தை அளந்தார். புருவத்தைச் சுருக்கினார். தாடைகளைத் துணியால் துடைத்து, வெறுமனே மூடி, "பூஜ்யம் சரியாத்தான் இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி அளந்தார். பிறகு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க."

"அக்கா புஸ்தகம் போன மாசம் பதினெட்டு, இன்னிக்கு இருபத்தொண்ணு. பாய் புஸ்தகம் இருபத்தி நாலு, இன்னிக்கு இருபத்தாறு. என் கவிதையே அரை மில்லி ஏறியிருக்கு. படிக்கிற புஸ்தகம் உப்பும் சார். விரல் ஈரம், கடல் காத்து, பொரட்டுற பொரட்டு. உங்களுது முதல் வாரம் நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. பத்து மாசம் கழிச்சும் நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. தம்பி கையில ரெண்டு வாரம் இருந்துச்சு, இப்ப நாப்பத்தி ஏழு." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. பட்டறையில் ஒரு பெட்டியை மேற்கொண்டு அனுப்பலாமா என்று பார்க்கிற பார்வை. "ரயில் சக்கரம் ஓடினா தேயும் சார். எது ஓடினாலும் அளவு மாறும். இது ஏன் மாறல?"

எனக்கு உதவ வந்தவன் தம்பி. அதுதான் இன்னும் வலிக்கிறது.

"அது ஒண்ணுமில்ல சார். பாதிப் பக்கம் மேல ஒட்டிக்கினு இருந்துச்சி. பைண்டிங்ல வெட்டாம வுட்டுட்டானுங்க. நான்தான் ஒவ்வொண்ணா பிளேடு போட்டுப் பிரிச்சேன், அதான் உப்பிக்கினு..." அங்கே நின்றான். மெதுவாக என் பக்கம் திரும்பினான். "நீ எப்டி நைனா படிச்ச?"

ஒட்டியிருந்த பக்கங்களுக்குள் பக்கவாட்டில் கண்ணை நுழைத்துப் படித்தேன் என்று சொல்லலாமா என ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன்.

"முப்பத்தொண்ணு" என்றேன்.

"இன்னாது?"

"முப்பத்தோரு பக்கம்தான் படிச்சேன்."

"அப்ப தீவாளி அப்ப எதுக்கு சாரு கண்ணாடியக் கயட்டித் தொடச்ச?" என்றார் அக்கா.

"முதுகு அக்கா" என்றேன். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லைதான். ஆனால் அத்தனைக்கும் அதுதான் பதில். டாக்டர் சொன்னது, இரண்டு எலும்புகள், மீன் பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "சொல்லியிருந்தா நாற்காலிய சும்மாவே குடுத்திருப்போமே சார்! அதுக்குப் போய்ப் பத்து மாசம் மண்ணு மண்ணுன்னு பேசினீங்களே!" அக்கா சிரித்ததில் இருமலே வந்துவிட்டது. பெரம்பூர்க்காரர் சிரிக்கவில்லை, நோட்டில் எதையோ சிவப்புப் பேனாவில் குறித்துக்கொண்டிருந்தார்.

தம்பியும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இத்தப் பத்தி நான் யார்கிட்டதான் பேசறது?" என்றான்.

நாற்காலியைவிட்டு எழுந்தேன். யாரும் எழச் சொல்லவில்லை. அவனை உட்காரச் சொன்னேன்.

"எனக்கா? ஆறு நாளா சீட்டுல குந்திக்கினேதான நைனா கீறேன். ஏழாவது நாளும் சீட்டா?" என்று கயிற்றுச் சுருள்மேல் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.

அன்றே சட்டம் திருத்தப்பட்டது. இனி தடிமன் கணக்கில்லை. ஒரு மாதத்தில் யாருடைய புத்தகம் அதிகமாக உப்பியிருக்கிறதோ அவருக்கு நாற்காலி. தம்பி வேண்டாம் என்றுவிட்டதால், இறால் தண்ணீர் ஊறிய மூன்று மில்லிமீட்டருடன் அக்கா வென்றார். உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்மாம் நாளா இத்தத்தான் ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தியா சாரு?" என்றார்.

புத்தகத்தைத் தம்பியிடமிருந்து வாங்கிக்கொண்டு போய், அன்று மாலையே முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியில் அந்தப் பெண் கிணற்றடிக்கு வந்துவிட்டாள். ஒரே ஒரு பக்கம். நான் ஒரே ஒரு பக்கம் பொறுத்திருந்தால் போதும்.

மிச்சத்தைப் படிக்க நாலு மாதம் ஆயிற்று. ஒன்று சொல்கிறேன்: ஒவ்வொரு வரியிலும் மண் இருக்கத்தான் செய்தது. குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. புரட்டும்போது சில பக்கங்களின் மேல்விளிம்பு பிளேடு பட்டுப் பிசிறாக இருக்கும். ஓரிடத்தில் கிரீஸ் விரல். அங்கே தம்பிக்கு ஃபோன் போடுவேன். "இங்க எதுக்குடா கிரீஸ்? வண்டி நின்னுடுச்சா?" என்பேன். "வண்டி இல்ல நைனா, நான்தான் நின்னுட்டேன். அடுத்த பக்கத்தப் படி" என்பான். லைனில் நிற்கிற நாட்களில் ஒரு மணி நேரம்கூடப் பேசியிருக்கிறோம். எழுநூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. பார்க்க ஓர் ஆள் இல்லை.

இந்த நாலு மாதமும் மீன் பெட்டிதான். முடிக்கும்வரை என் புத்தகத்தை அளக்க வேண்டாம் என்று நானே பெரம்பூர்க்காரரிடம் சொல்லியிருந்தேன். முதுகின் நிலைமையை விவரித்து உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆனால் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முழுதாகப் படித்துவிட்டேன். இரண்டு இடத்தில் அழுதும் இருக்கிறேன்; கண்ணீரும் ஈரம்தானே? பஸ்ஸில் படித்தேன், கடற்காற்றில் படித்தேன். எப்படியும் மூன்று மில்லியாவது ஏறியிருக்கும்.

நாவலை முடித்த ஞாயிற்றுக்கிழமை, வெளியே தூறிக்கொண்டிருந்தது. நான்தான் முதல் ஆளாகக் குனிந்து உள்ளே போனேன். புத்தகத்தை மர உருளைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை ஒரு கண்ணால் பார்த்தபடி நின்றேன். அதில் சுழன்றுகொண்டிருந்த அக்கா, "எழுந்துக்கணுமா சொல்லு" என்றார். தம்பி எனக்காகக் கைதட்டத் தயாராக இருந்தான்.

பெரம்பூர்க்காரர் துடைத்தார், பூஜ்யம் பார்த்தார், அளந்தார், நோட்டைப் பார்த்தார்.

"தம்பி குடுத்தப்ப நாப்பத்தி ஏழு. இன்னிக்கு நாப்பத்தி ஏழு புள்ளி ஒண்ணு."

"ஏறியிருக்கு இல்ல?" என்றேன். "புள்ளி ஒண்ணாவது ஏறியிருக்கு இல்ல?"

அவர் காலிப்பரை மூடி உறையில் போட்டார்.

"அது மழை ஈரம் சார்."